முகம் அறிவோம், பெயர் அறியோம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, கவிஞர் பெருமக்களே, பாயிலும் நாற்காலியிலும் நிறைந்திருக்கும் அன்பர்களே, அனைவர்க்கும் வணக்கம்.

முன்வரிசையில் அமர்ந்திருப்போரைப் பெயர் சொல்லி விளிப்பது மேடை மரபு. அம்மரபினின்று நான் இன்று வழுவியதற்குக் காரணம் உண்டு. எட்டுப் பெயர்களை அடைமொழிகளோடு சொல்லிவிட்டு, ஒன்பதாமவரிடம் வந்ததும் 'மற்றும் இங்குக் குழுமியிருக்கும்' என்று ஒரே வீச்சில் முடித்துவிடும் வழக்கத்தைப் பத்தாண்டுகளாக நானும் கைக்கொண்டிருந்தேன். அந்த 'மற்றும்' என்னும் சொல்லைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். சந்திப்பவர் பெயரை நினைவிற் கொள்வது பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, 'இது வணிகர் பயிற்சி வகுப்புக்கு உரிய பொருள் அன்றோ' என்று செயலாளர் புன்னகைத்தார். உடனே அவருக்கும் மார்கழிக் கூட்டம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். புன்னகை நின்றுவிட்டது.

சென்ற மார்கழிக் கூட்டத்திற்கு வந்தவர்கள் இங்குப் பலர் இருக்கிறீர்கள். அன்று நாம் வந்தபோது பாய் விரிக்கப்படவில்லை. வாயிலோரப் பானையில் தண்ணீர் இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ ஒருவர், 'ஐயா தவறிவிட்டாராம்' என்றார். எந்த ஐயா என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை. சன்னலை ஒட்டிய தூணருகே அமர்பவர். நாற்காலி கொடுத்தாலும் வேண்டாமென்று கையசைப்பவர். கவியரங்கில் நல்ல இடம் வந்தால் கைதட்டாமல் தம் தொடையில் மெல்லத் தட்டிக்கொள்பவர். அவர் தொடையில் தட்டினாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கவிதை படித்தவர்களுள் நானும் ஒருவன்.

செயலாளர் இரங்கல் தீர்மானம் எழுதத் தொடங்கினார். 'நம் வட்டத்தின் தொடக்க நாள் முதல் தவறாது வருகை தந்த' என்று எழுதிப் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். தலைவர் அவையைப் பார்த்தார். முப்பது பேருக்கு மேல் இருந்தோம். ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினோம். நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அவர் கையொப்பம் இருந்தது: ஒரு கோடு, ஒரு வளைவு, அடியில் ஒரு புள்ளி. எழுத்தென்று ஒன்றையும் அதிலிருந்து பிரிக்க முடியவில்லை. கைப்பேசிக் குழுவில் தேடலாம் என்றால், அவரிடம் கைப்பேசியே இல்லை. தீர்மானத்தில் ஓர் இடத்தை வெற்றாக விட்டுவிட்டு எழுந்து நின்றோம். யாருக்கென்று சொல்லாமலே ஒரு நிமிடம் அமைதி காத்தோம்.

அன்று நான் பேசவிருந்த பொருள் குறுந்தொகை. என் சட்டைப் பையிலிருந்த தாளில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட புலவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவற்றைத் தாளைப் பாராமலே என்னால் ஒப்பிக்க முடியும். அப்பெருமை அன்று எனக்கு உதவவில்லை.

அந்தப் பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். செம்மண் நிலத்தில் பெய்த நீரைக் காதலர் நெஞ்சுக்கு உவமையாக்கியவர் செம்புலப் பெயனீரார். மக்கள் விட்டுச் சென்ற வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுவதைத் தனிமைக்கு உவமை சொன்னவர் அணிலாடு முன்றிலார். ஈரம் காயுமுன் உழுதாக வேண்டிய ஒற்றை ஏர்க்காரனின் பதைப்பைத் தலைவனின் நெஞ்சுக்கு ஏற்றியவர் ஓரேருழவனார். நற்றிணையில் ஒருவர், இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் நைந்த கயிற்றைக் கண்டார். அவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். புறநானூற்றில் முதுமையின் ஊன்றுகோலைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். இவர்களைப் பெற்ற தாய்மார் இப்பெயர்களால் அழைத்திருக்க மாட்டார்கள். பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. ஆகவே பாட்டின் சொல்லே பெயராயிற்று.

சொல்லால் நிலைத்தவன் கவிஞன் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டி நாம் பெருமிதம் கொள்வது வழக்கம். பல மேடைகளில் நானும் அவ்வாறே பேசியிருக்கிறேன். மார்கழிக்குப் பின் அப்படிப் பேச எனக்கு நா எழவில்லை. அப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஓர் இழப்பின் மேல் போர்த்திய ஆடை என்றே இப்போது தோன்றுகிறது. சங்கப் பாடல்கள் 2381 என்றும், பாடியோர் 473 பேர் என்றும், பாடியவர் இன்னாரென்று தெரியாதவை 102 என்றும் கணக்குச் சொல்வார்கள். அந்த 102 பாட்டுக்கு ஆடையும் இல்லை.

ஆனால் தொகுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் கிட்டாத இடத்தில், அவர்கள் அந்த மனிதரிடமிருந்த மிகச் சிறந்ததை எடுத்து அவருக்கே சூட்டினார்கள். காக்கை கரைந்ததைப் பாடிய நச்செள்ளையாருக்கு ஒரு நற்பேறு வாய்த்தது. காக்கைபாடினியார் என்ற சிறப்பும் நின்றது. நச்செள்ளை என்று வீட்டார் அழைத்த பெயரும் உடன் நின்றது. நாம் நம் ஐயாவை என்னவென்று குறிப்பிட்டு வந்தோம்? 'தூணோரத்து ஐயா' என்றோம். நாமும் ஒரு தொடரைத்தான் பெயராக்கினோம். தொகுத்தவர்களுக்கும் அந்தப் புலவர்களுக்கும் இடையில் காலமும் கறையானும் நின்றன. நமக்கும் அவருக்கும் இடையில் இருந்தது எட்டடி தூரம்.

பெயர் ஏன் மறக்கிறது என்பதை உளவியலார் ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வை மட்டும் சொல்கிறேன். சில முகங்களைக் காட்டி, ஒவ்வொருவரின் பெயரையும் தொழிலையும் கற்றுக்கொள்ளச் செய்தார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது குடும்பப் பெயராகவும் வரும். ரொட்டி சுடுபவர் என்ற தொழிற்சொல்லாகவும் வரும். ஒரே சொல்தான். அதைத் தொழிலாகக் கேட்டவர்களுக்கு நினைவில் நின்றது. பெயராகக் கேட்டவர்களுக்கு நழுவியது. காரணம் எளிது. ரொட்டி சுடுபவர் என்றதும் அடுப்பும், மாவு படிந்த கையும், விடியற்காலை மணமும் உடன் வருகின்றன. பெயர் என்றால் வெறும் ஒலி. ஒட்டிக்கொள்ள அதற்கு ஒரு கொழுகொம்பு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு மறுபடியும் சங்கப் புலவர் பட்டியலே நினைவுக்கு வந்தது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: ஊர், துணிக்கடை, பெயர். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், தந்தையார், பெயர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்: ஊர், ஊருக்குள் சேரி, பெயர். ஒவ்வொரு பெயரும் தன் கொழுகொம்பைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. நாம் அவற்றையெல்லாம் ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்துப் புள்ளி இட்டுவிட்டோம். தலைப்பெழுத்தை வைத்து யாரையாவது நினைவு வைத்துக்கொள்ள முடியுமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் நாட்டில் பெயரைக் கேட்பது எப்போதும் கள்ளமற்ற செயலாக இருந்ததில்லை. 'முழுப்பெயர் என்ன?', 'எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?' என்று கேட்பவர் எதைத் துழாவுகிறார் என்பது கேட்கப்படுபவருக்குத் தெரியும். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப் பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அது தமிழ்ப் பெயர்களுக்குக் கிடைத்த விடுதலை. ஆகவே, கொழுகொம்பு தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அறுத்தெறிந்த கயிற்றை மீண்டும் முடிந்துவிடக் கூடாது. இக்காரணத்தால் கேட்கத் தயங்கியவர்களும் நம்முள் இருக்கலாம். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் நான் தயங்கியது அதனால் அன்று. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தோன்றாமல் போனதற்கு நம் மொழியும் ஓரளவு துணை செய்தது. ஐயா, அண்ணே, தம்பி, அம்மா, அக்கா, சார் என்று நமக்கு எத்தனை விளிகள்! எதிர்வீட்டுக்காரரோடு முப்பது ஆண்டு பழகி, அவர் பெயரைத் திருமண அழைப்பிதழில்தான் முதன்முதலாகப் படித்தவர் இங்கே எத்தனை பேர்? அந்த விளிகளில் அன்பும் உண்டு, மரியாதையும் உண்டு. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதது நம் பண்பாடு. ஆனால் அழைக்காமலிருப்பது வேறு, அறியாமலிருப்பது வேறு. 'வாங்க ஐயா' என்று நான் அவரை எதிர்கொண்ட குரலில் குறையொன்றும் இல்லை. அந்தக் குரலின் இனிமையில் என் அறியாமை பத்தாண்டு ஒளிந்து கிடந்தது.

கவிஞர்களுக்கென்று இன்னொரு செய்தியும் வைத்திருக்கிறேன், சினங்கொள்ள வேண்டா. வட்டமாக அமர்ந்து ஒருவர்பின் ஒருவராகச் சொற்களைப் படிக்கும்போது, தம் முறைக்குச் சற்று முன் படிக்கப்பட்டவற்றையே மனிதர்கள் மிகுதியாக மறக்கிறார்கள் என்று 1973-இல் பிரென்னர் என்பவரின் ஆய்வு காட்டியது. தம் முறை நெருங்குகிறதே என்ற எண்ணத்தில் செவி மூடிக்கொள்கிறது. கவியரங்கில் அமர்ந்தவர்களுக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை. எனக்கு முன் படித்த கவிஞரின் கவிதையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மடியிலிருக்கும் தாளில் ஓர் அடியைத் திருத்திக்கொண்டிருப்பேன். புதியவரைச் சந்திக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. அவர் பெயரைச் சொல்லும் அந்த நொடியில் நம் பெயரை எப்படிச் சொல்வது, பட்டத்தோடு சொல்வதா, நூலின் பெயரையும் சேர்ப்பதா என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கேளாத பெயரை மறந்துவிட்டேன் என்பதும் ஒரு பொய்தான்.

உரோமாபுரியின் அரசியல்வாதிகள் இதற்கொரு வழி வைத்திருந்தார்கள். எதிரில் வருபவர் இன்னாரென்று காதில் ஓதுவதற்கே ஓர் அடிமையை உடன் அழைத்துச் செல்வார்கள். நேர்மைக்குப் பெயர்பெற்ற கேட்டோவும் அப்படி ஒருவனை வைத்திருந்ததைச் சிசரோ வழக்கு மன்றத்திலேயே எள்ளி நகையாடினார். இன்று அந்த அடிமை நம் சட்டைப் பையில் இருக்கிறான். அவனுக்கும் நாம் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. என் கைப்பேசியில் 'தச்சர் இரண்டு' என்று ஒருவர் இருக்கிறார். என் நூல் அடுக்குகளையெல்லாம் செய்துகொடுத்தவர் அவர்.

அதே சிசரோ சொல்லும் மற்றொரு கதை கவிஞர்களாகிய நமக்கு நெருக்கமானது. கிரேக்கக் கவிஞர் சைமனிடீஸ் ஒரு செல்வர் வீட்டு விருந்தில் பாடினார். யாரோ அழைப்பதாகச் சொல்ல, எழுந்து வெளியே சென்றார். அந்நேரம் கூரை இடிந்து விழுந்து உள்ளிருந்தோர் அனைவரும் மாண்டனர். உடல்கள் அடையாளம் தெரியாதபடி நசுங்கிக் கிடந்தன. யார் யார் எங்கெங்கே அமர்ந்திருந்தார்கள் என்பது சைமனிடீசின் நினைவில் இருந்தது. அதைக்கொண்டு ஒவ்வோர் உடலுக்கும் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். உறவினர் எடுத்துச் சென்று அடக்கம் செய்தனர். நினைவுக் கலை அவ்விருந்தில் பிறந்ததென்று மேனாட்டார் சொல்வார்கள். எனக்கு இக்கதை நெடுநாளாகத் தெரியும். நம் ஐயா எங்கே அமர்வார் என்பதும் மிக நன்றாகத் தெரியும்: சன்னலிலிருந்து இரண்டாவது பாய், தூணுக்கு இடப்புறம். இடம் இருந்தது. திருப்பிக் கொடுக்க என்னிடம் பெயர் இல்லை.

தஞ்சைப் பெருவுடையார் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். அக்கோயிலில் பணிசெய்யக் குடியேற்றப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர். நானூறு பேரின் பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதும் கல்லில் இருக்கின்றன. இராசராசன் அவர்கள்மேல் கொண்ட அன்பால் அது நிகழ்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு நூறு கலம் நெல் உரியவர்க்குப் போய்ச்சேர வேண்டும் என்ற கணக்கால் நிகழ்ந்தது. அன்பு செய்யத் தவறியதைச் சில வேளைகளில் கணக்காவது செய்கிறது. நாம் பத்தாண்டு பாய் விரித்தவருக்குக் கணக்கும் வைக்கவில்லை.

மார்கழிக்குப் பின் நான் சில பழக்கங்களை முயன்று வருகிறேன். ஒருவர் பெயர் சொன்னதும் அதைத் திருப்பி ஒருமுறை வாய்விட்டுச் சொல்கிறேன். செவியில் சரியாக விழவில்லையெனில் அப்போதே மறுபடி கேட்டுவிடுகிறேன். அன்று கேட்பது எளிது, ஓராண்டு கழித்துக் கேட்க நா கூசும். வாய்ப்பிருந்தால் 'இப்பெயரை உங்களுக்கு யார் வைத்தார்கள்?' என்றும் கேட்கிறேன். இதைப் போல் பயன் தந்த கேள்வி வேறில்லை. பாட்டன் பெயர் தாங்குவதால்தானே பேரன் 'பெயரன்' ஆனான்! இக்கேள்விக்குச் சில பெயர்களினின்று ஒரு பாட்டனார் எழுந்து வருகிறார். சிலவற்றில் ஒரு குலதெய்வம். சிலவற்றில் தந்தையார் விரும்பிப் படித்த ஒரு நாவலின் தலைவி. அதன்பின் அப்பெயர் எளிதில் நழுவுவதில்லை. ஆனாலும் நழுவியிருக்கிறது. சென்ற திங்களில் புதிதாக வந்த கவிஞர் ஒருவரை, அவர் பாட்டனாரின் கதையை முழுதும் நினைவில் வைத்துக்கொண்டு, பாட்டனாரின் பெயராலேயே அழைத்துவிட்டேன். அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்.

இனி ஐயாவின் செய்தி. தைத் திங்களில் அவருடைய மகள் நம் செயலாளர் வீட்டிற்கு வந்தார். வட்டத்து நூலகத்திலிருந்து தந்தையார் எடுத்திருந்த மூன்று நூல்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், நூலால் கட்டிய ஒரு காகிதக் கட்டையும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் அடுத்த கூட்டத்திற்கென்று நாம் கையில் தரும் அழைப்பிதழ்கள். எண்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும், அன்று வந்தவர்களின் பெயர்களைக் கரிக்கோலால் எழுதியிருந்தார். பேசியவர் மட்டும் அல்லர், வந்தவர் அனைவரும். ஒருமுறை மட்டும் வந்து பிறகு வராதவர்களும் இருந்தனர். எதிர்க்கடையிலிருந்து தேநீர் கொண்டுவரும் இளைஞரின் பெயரும் இருந்தது. அதை நான் அந்தத் தாளில்தான் முதன்முதலாகப் படித்தேன். என் பெயருக்கு முன் என் ஊரின் பெயரை எழுதியிருந்தார். அவ்வூரை விட்டு வந்து இருபதாண்டாயிற்று. அதை நான் அவரிடம் எப்போது சொன்னேன் என்று எவ்வளவு எண்ணியும் நினைவுக்கு வரவில்லை. அவர் கேட்டிருக்க வேண்டும்.

தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினோம். எதிலும் அவர் பெயர் இல்லை. தம்மை அவர் எழுதிக்கொள்ளவில்லை. கடைசியில் செயலாளர்தாம் தலை குனிந்தவாறு, 'அப்பாவின் பெயர்...' என்று தொடங்கினார். அந்த அம்மையாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஒன்றும் சொல்லாமல், பெயரை மெதுவாக, எழுதிக்கொள்பவருக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

அப்பெயரை இம்மேடையில் நான் உரக்கச் சொல்லிக் கைதட்டல் பெற விரும்பவில்லை. அவருக்கும் அது பிடித்திருக்காது. விழா மலரின் இறுதிப் பக்கத்தில், மறைந்த உறுப்பினர் வரிசையில், ஊரோடும் தந்தையார் பெயரோடும் அச்சாகவிருக்கிறது. தீர்மானப் பதிவேட்டிலும் செயலாளர் அன்றே எழுதிவிட்டார். மார்கழியில் எழுதியது கருநிற மை. பெயர் நீல மையில் இருக்கிறது. தெரியாத பெயர் எவ்வளவு நீளமோ என்று அன்று அவர் முக்கால் வரி இடம் விட்டிருந்தார். நான்கெழுத்துப் பெயர், எழுதிய பின்னும் பாதி இடம் மிஞ்சியிருக்கிறது.